ஒரு சாணும் இரண்டு விரலும்

கோவில்பட்டி
26 ஆகஸ்ட் 2024

சுதாராணிக்கு,

பார்சலைப் பிரித்ததும் மேலே கிடப்பது என்னவென்று உனக்கே தெரியும். நீ வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் வைத்து வெட்டிய டிரைவர் சீட்டின் முதுகு உறை. குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. வெட்டியவளிடமே இருக்கட்டும் என்று பஸ் பார்சலில் போட்டுவிட்டேன்.

நலமா என்று கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

நாத்தனார் வாயால் வெட்டுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கத்தரிக்கோலால் வெட்டுவாள் என்று உன்னிடம்தான் பார்த்தேன். புது வண்டி. செண்பகவல்லி அம்மன் கோயில் முன்னால் ஐயர் கற்பூரத் தட்டைக் கீழே வைக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. மாலை கட்டின நூலை நறுக்க வைத்திருந்த கத்தரியை எடுத்து, கதவைத் திறந்து, சீட்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு! அதோடு விட்டாயா? "இதுல உக்காந்தா உசுருக்கு ஆபத்து" என்று சத்தம் வேறு. புது வண்டி முன்னால் நின்று சொல்லுகிற சொல்லா அது? என் அம்மா பாலம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே யார் யார் நின்றார்கள் என்று பார்த்தாயா? தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சண்முகராஜ் அண்ணாச்சி நின்றார். அவர் வீட்டு வண்டிகளுக்கு உறை தைக்கச் சொல்ல வந்தவர். "என்னம்மா, உங்க வீட்டுப் பிள்ளையே உங்க தையலை நம்ப மாட்டேங்குதே" என்று சிரித்துக்கொண்டே போனார். போனவர் போனவர்தான்.

புதியம்புத்தூரில் தெருவுக்குத் தெரு மிஷின் சத்தம். சட்டை தைக்கிறார்கள், பாவாடை தைக்கிறார்கள், நைட்டி தைக்கிறார்கள். அங்கே ஒரு கொட்டகையைப் பிடித்து, கார் சீட்டுக்கு உறை தைப்போம் என்று துணிந்தவள் நான். தைத்ததைக் கோவில்பட்டிக் கடையில் வைத்து உன் அண்ணன் விற்கிறார். கடைப் பலகையில் லிங்கராஜ் என்று அவர் பெயர் இருக்கிறது. ஆள் வருவது என் தையலுக்கு. இரட்டைத் தையல், நைலான் நூல். இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்தால் துணி கிழியுமே தவிர என் தையல் விடாது. அதிலும் இந்த உறையை நான் ஓட்டப்போகிற என் வண்டிக்காக என் கையாலேயே தைத்தேன்.

உன் நம்பரை என் போனில் பிளாக் செய்துவிட்டேன். பதில் எழுதினால் எழுது. எழுதாவிட்டாலும் இங்கே யாரும் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
முத்துமாரியம்மாள்
(மதினி என்று எழுதக் கை வரவில்லை.)


ஒரகடம்
31 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதுவேன்.

வெட்டிய இடம் தப்பு. வெட்டிய நேரம் தப்பு. உங்கள் அம்மா காதில் விழும்படி அந்தச் சொல்லைச் சொன்னது பெரிய தப்பு. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மதினி, வெட்டியது தப்பில்லை. நீங்கள் கோபத்தில் இந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடுவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சீட்டின் முதுகுப் பக்கத்தில், கதவை ஒட்டி, உள்ளே ஓர் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. பக்கவாட்டில் வேறு வண்டி வந்து மோதினால் அது கண் இமைப்பதற்குள் சீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து உங்கள் விலாவுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கம்பெனிக்காரன் அந்த இடத்தில் மட்டும் வேண்டுமென்றே லேசான தையல் போட்டிருக்கிறான். அதன்மேல் நீங்கள் உங்கள் இரட்டைத் தையலைப் போட்டு மூடிவிட்டீர்கள். இரண்டு ஆள் இழுத்தாலும் விடாது என்கிறீர்களே, அதுதான் பயம். பூஜை முடிந்ததும் உங்கள் அம்மாவை ஏற்றிக்கொண்டு பைபாஸில் ஒரு சுற்றுப் போவதாக இருந்தீர்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்தரிதான் ஓடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கிற படத்தை அண்ணன் குடும்ப குரூப்பில் போட்டிருந்தான். அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீட்டில் இரண்டு தலையணை. நெஞ்சு ஸ்டியரிங்கைத் தொடுகிறது. பெல்ட் கழுத்தை அறுக்கிறதென்று துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டித் தளர்த்தி வைத்திருக்கிறீர்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால் 'கார் கம்பெனி' என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். என் வேலை இதுதான்: பெல்ட்டும் ஏர்பேக்கும் எல்லாரையும் ஒரே மாதிரி பிடிக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பது யார், எவ்வளவு பெரிய உடம்பு, எவ்வளவு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி பிடிக்க வேண்டும், விட வேண்டும். ஆறடி ஆளை நிறுத்துகிற வேகத்தில் உங்களை நிறுத்தினால் உங்கள் எலும்பு தாங்காது. ஸ்டியரிங்கில் இருக்கிற ஏர்பேக் விரிவதற்கும் இடம் வேண்டும். உங்கள் நெஞ்செலும்புக்கும் ஹாரன் பட்டனுக்கும் நடுவில் குறைந்தது ஒரு சாணும் இரண்டு விரலும் இருக்க வேண்டும். படத்தில் ஒரு விரல்கூட இல்லை.

தலையணையையும் கிளிப்பையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள்,
சுதா


கோவில்பட்டி
6 செப்டம்பர் 2024

சுதா,

நீ எழுதியது கடிதமா, தீர்ப்பா?

உன் கடிதம் வந்தபோது நான் புதியம்புத்தூரில் இருந்தேன். உன் அண்ணன் பிரித்து வாசித்திருக்கிறார். நான் வீட்டுக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாக, என் அம்மாவையும் வைத்துக்கொண்டு சத்தமாக இன்னொரு தடவை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "ஏட்டி மாரி, கேட்டியா? குள்ளமா இருக்கவ ஓட்டுனா எலும்பு நொறுங்கிப் போகும்னு என் தங்கச்சியே எழுதிட்டா. படிச்சவ சொல்லுதா. இனி நீ ஓட்ட வேண்டாம். எங்க போகணும்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது திருப்திதானே?

என் உயரம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு முதல் ஆளாக நின்றவள். உங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அன்று, "மாப்பிள்ளை பக்கத்துல பொண்ணு நிக்கிதா, உக்காந்திருக்கா?" என்று உன் சொந்தக்காரர்கள் கேட்டுச் சிரித்ததும் காதில் விழுந்தது. தலைக்கு மேலே இருக்கிற சாமானை எடுக்க யாரையாவது கூப்பிட்டுக் கூப்பிட்டே பாதி வாழ்க்கை போய்விட்டது.

துணிக் கட்டைப் பஸ்ஸில் ஏற்ற நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கண்டக்டரிடம் கெஞ்சணும். கட்டு பெரியது என்றால் அடுத்த பஸ் என்பான். குறுக்குச்சாலையில் வெயிலில் கட்டின்மேலேயே உட்கார்ந்திருப்பேன். நாற்பத்திரண்டு வயசில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். டெஸ்டில் எச் எழுத்து மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டியபோது ஒரு கம்பத்தைக்கூடத் தொடவில்லை. முதல் தடவையிலேயே பாஸ். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே பார்த்துக்கொண்டேன், போ. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நீ சொல்லுகிற ஒரு சாண் இடைவெளிக்கு நான் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கு எட்டாது. கால் எட்டினால் நெஞ்சு இடிக்கும். இரண்டும் வேண்டுமென்றால் என்னை அம்மா மறுபடி பெற்றுத்தான் ஆகவேண்டும்.

நாலு நாளாகக் கட்டு கொட்டகையிலேயே கிடக்கிறது. 'நானே கூட்டிட்டுப் போறேன்' என்றவருக்குக் கடையை விட்டு வர நேரமில்லை. சாவி மட்டும் பத்திரமாகச் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கப் போடும்போதுகூட அவரே மாற்றி வைத்துக்கொள்கிறார்.

முத்துமாரியம்மாள்


ஒரகடம்
11 செப்டம்பர் 2024

மதினி,

கீழே இருக்கிற பத்தியை அண்ணனை உட்கார வைத்துச் சத்தமாக வாசியுங்கள்.

அண்ணா, நான் எழுதாததை எழுதியதாகச் சொல்லாதே. மதினி ஓட்டக் கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? வண்டி மதினிக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும் என்று எழுதினேன். சட்டை பத்தவில்லை என்றால் சட்டையைப் பிரித்துத் தைப்பார்களா, ஆளை வெட்டுவார்களா? கடை வைத்து உறை விற்கிறவனுக்கு இது தெரியாதா? உன் தங்கை படித்த படிப்பை எடுத்து உன் பெண்டாட்டி சாவியைப் பிடுங்காதே. எனக்குக் கேவலமாக இருக்கிறது. மரியாதையாகச் சாவியைக் கொடு.

அவ்வளவுதான். இனி இது உங்களுக்கு மட்டும்.

மதினி, இங்கேயும் எனக்கு அண்ணன்மார் இருக்கிறார்கள். எங்கள் லேபில் மோதல் சோதனைக்குப் பொம்மைகளை உட்கார வைக்கிறோம். ஆண் பொம்மை உண்டு. சின்னப் பெண் பொம்மையும் உண்டு. ஆனால் எங்கள் புது பெல்ட், ஏர்பேக் அமைப்பைச் சோதிக்கும்போது சின்னப் பொம்மையை நடுத்தரமான தூரத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளி வைத்துச் சோதிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். எங்கள் மேலதிகாரி நந்தகோபால் சார், "அவ்வளவு முன்னாடி யாரும்மா உட்காரப் போறாங்க?" என்றார். கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் எல்லாரும் நெட்டை. எனக்கு உங்கள் படத்தைத் தூக்கி அவர் மேஜையில் போட வேண்டும் போல இருந்தது. உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன். ஒருதடவை கேட்காமல் செய்ததே போதும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில், கீழே கையை விட்டால் ஒரு நீளமான பிடி இருக்கும். அடிபம்பு அடிப்பதுபோல மேலும் கீழும் அடித்தால் சீட்டு உயரும். தலையணை வேண்டாம். ஸ்டியரிங் கம்புக்கு அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைத் தளர்த்தினால் ஸ்டியரிங்கைக் கீழே இறக்கலாம். பெல்ட் வருகிற தூணில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்திக்கொண்டு இறக்கினால் பெல்ட் கழுத்தை விட்டுத் தோளுக்கு வரும். கீழ்ப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பு எலும்பில் கிடக்க வேண்டும். சீட்டின் முதுகைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் செய்துவிட்டு நெஞ்செலும்பிலிருந்து ஹாரன் வரை அளந்து எனக்கு எழுதுங்கள்.

அங்கே வண்டி ஓட்டுகிற மற்றப் பெண்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதையும் முடிந்தால் அளந்து அனுப்புங்கள். அந்த 'யாரும்மா' என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

சுதா


கோவில்பட்டி
20 செப்டம்பர் 2024

அன்புள்ள சுதாவுக்கு,

உன் பத்தியை வாசித்தேன். சும்மா இல்லை, கடையில் வைத்து வாசித்தேன். உன் அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டினார். பிறகு, "சரிட்டி. அவ சொன்ன அந்த ஒரு சாணு ரெண்டு விரலு வருதான்னு அளந்து பாரு. வந்தா அன்னைக்கே சாவி தாரேன். வரலைன்னா பேச்சே கிடையாது" என்றார். நீ சொன்ன அளவுதானே, அதிலேயே நிற்கட்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அளப்பதற்கு மட்டும் சாவி தந்தார். கடை வாசலில், அவர் கண் முன்னால். கொட்டகையில் என்னோடு தைக்கிற வனிதாவைக் கூட வைத்துக்கொண்டேன். நீ சொன்ன இடத்தில் கையை விட்டேன். பிடி இல்லை. தடவுகிறேன், தடவுகிறேன், துணிதான் வருகிறது. வனிதா குனிந்து பார்த்துவிட்டு, "யக்கா, பிடி இருக்கு. நீங்கதான் அதையும் சேத்து மூடித் தச்சிருக்கீங்க" என்றாள்.

சிரிக்காதே. சிரிப்பாய் என்று தெரியும். அந்தப் பிடியைப் பற்றி ஷோரூமில் உன் அண்ணனிடம் சொன்னார்களாம். அவர் என்னிடம் சொல்லவில்லை. வண்டி எனக்குத்தான் என்று வாங்கினோம், விளக்கமெல்லாம் அவருக்கு! நான் என் கையாலேயே பிடியை மூடித் தைத்துவிட்டு, அதன்மேல் இரண்டு தலையணையைப் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். இந்தத் தடவை கத்தரியை நானே எடுத்தேன்.

பிடியை அடித்தால் சீட்டு எழும்புகிறது, சுதா! கோபுரம் மாதிரி எழும்புகிறது. ரோட்டின் ஓரம் தெரிகிறது, பானட்டு தெரிகிறது. பெல்ட் தோளில் வந்து நின்றது. கிளிப்பை எடுத்து வனிதாவிடம் கொடுத்து, கொடியில் போடச் சொன்னேன். ஸ்டியரிங்கை இறக்கி, முதுகைச் சாய்த்துக்கொண்டேன். வனிதா டேப்பைப் பிடித்தாள்.

ஒரு சாண். சரியாக ஒரு சாண். இரண்டு விரல் இல்லை.

சீட்டு நகர்கிற கம்பியில் பின்னால் ஒரு பல் தள்ளினால் இரண்டு விரல் வருகிறது. ஆனால் கிளட்சை முழுசாக மிதிக்க முடியவில்லை, நுனி விரல்தான் தொடுகிறது. முன்னும் பின்னுமாக எத்தனை தடவை தள்ளினேன் என்று கணக்கில்லை. உன் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "குறையுதுல்லா?" என்றார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். இரண்டு விரல், சுதா. வாழ்க்கை பூராவும் எனக்கு எதிலும் இந்த இரண்டு விரல்தான் குறைகிறது.

அழுதுவிட்டு வேலையைப் பார்த்தேன். நீ கேட்ட அளவுகள் இத்தோடு இருக்கின்றன. இடைசெவலில் இருந்து தினமும் ஓட்டி வருகிற டீச்சர் அமுதவள்ளி, தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிற ஜெயப்பிரியா, கயத்தாற்றில் மருந்துக்கடை வைத்திருக்கிற அம்மா என்று பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். எல்லார் சீட்டிலும் ஒரு தலையணை. என் படத்தையும் உன் சாருக்குக் காட்டு. முகத்தை மறைக்காமலே காட்டு.

துணிக்குள் சுற்றி ஐந்து மாதிரி உறை வைத்திருக்கிறேன், எது உன் ஏர்பேக்குக்கு வழிவிடுகிறது என்று பார். பக்கவாட்டில் மட்டும் ஒற்றை இழை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பருத்தி நூல். இழுத்தால் விட வேண்டிய தையல். தைக்கும்போது கை கூசியது. விட்டுப் போகிற தையலை இந்தக் கை இதுவரை போட்டதில்லை.

உன் மதினி,
முத்துமாரி


ஒரகடம்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினி,

மதினி என்று எழுதிவிட்டீர்கள். அதை முதலில் வாசித்தேன், மற்றதெல்லாம் பிறகு.

பிடியை மூடித் தைத்த கதைக்குச் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். கேண்டீனில் நின்று தனியாகச் சிரித்தேன். இரண்டு விரல் என்று வந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஒன்று கேட்கிறேன். வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தானே ஏறுகிறீர்கள்? பூஜை அன்று பார்த்தேன், எல்லாரும் அப்படித்தான் ஏறினீர்கள். வெறுங்காலோடு ஓட்டினால் பாதத்துக்கும் கிளட்சுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. காலில் நன்றாகப் பிடிக்கிற, அடி கனமான கான்வாஸ் ஷூ போடுங்கள். வழுக்குகிற செருப்பு ஆகாது. அந்த அடியின் கனம் அளவுக்கு நீங்கள் பின்னால் தள்ளி உட்காரலாம். அந்த ஒரு பல்லும் தள்ளலாம் என்று நினைக்கிறேன்.

தையல் விஷயம். ஐந்து மாதிரியையும் சீட்டில் மாட்டி ஏர்பேக்கை வெடிக்க வைத்துப் பார்த்தோம். முதல் மூன்றும் தோற்றுப்போயின. ஏர்பேக் உறைக்குள் மாட்டி, கதவுப் பக்கம் விரியாமல் பிதுங்கியது. நான்காவது விட்டது, ஆனால் கொஞ்சம் தாமதம். ஐந்தாவது, மதினி, ஐந்தாவது தையல் மேலிருந்து கீழாக ஒரே கோடாகப் பிரிந்தது. துணி கிழியவில்லை, தையல் மட்டும் விட்டது. ஸ்லோமோஷனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். யார் தைத்தது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் தைத்தது என்றேன். அந்த நேரத்தில் நான் எப்படி நின்றிருப்பேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தையும் அளவுகளையும் நந்தகோபால் சார் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவங்க எல்லாம் உண்மையிலேயே ஓட்டுறாங்களா?" என்றார். தினமும் ஓட்டுகிறார்கள் சார் என்றேன். சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளி ஒரு சோதனை நடத்த ஒத்துக்கொண்டிருக்கிறார். நவம்பரில் வைத்திருக்கிறோம்.

ஷூ வாங்கினீர்களா என்று எழுதுங்கள்.

சுதா


கோவில்பட்டி
14 அக்டோபர் 2024

அன்புள்ள சுதா,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதம்தான் எழுதுவேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். காகிதத்தில் நான் முடிக்கிறவரை நீ வாயைத் திறக்க முடியாது.

ஆயுத பூஜை அன்றைக்குக் கடை வாசலில் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து நிறுத்தியிருந்தோம். கடைத் தெருவே கூடியிருந்தது. சண்முகராஜ் அண்ணாச்சியும் பொரி வாங்க வந்து நின்றார். நான் உள்ளே போய் வெள்ளைக் கான்வாஸ் ஷூவைப் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு பட்டுச்சேலையோடு வெளியே வந்தேன். கதவைத் திறந்து காலை உள்ளே வைத்ததும் அம்மா கத்தினாள், "ஏட்டி, லட்சுமி இருக்க இடத்துல செருப்புக் காலா?"

"லட்சுமி உள்ள இருக்கா, சரி. நானும் உள்ளதான இருக்கேன்? அவ என்னையும் பாத்துக்கிட மாட்டாளா?" என்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளினேன். கிளட்சை மிதித்தேன். முழுசாக, தரையோடு தரையாக இறங்கியது! பிரேக்கையும் மிதித்தேன். அதுவும் அப்படியே. "வனிதா, டேப்பைக் கொண்டா" என்றேன். அவள் பிடித்தாள். நான் பார்க்கவில்லை, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு சாணு, ரெண்டு விரலு, அதுக்கு மேலயும் கொஞ்சம் இருக்குக்கா" என்று கத்தினாள். தெருவில் கைதட்டினார்கள் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். பஜாரில் டீ ஆற்றுகிறவன் வரைக்கும் தட்டினான்.

உன் அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டார். விட்டவர் அப்படியே யோசித்தார். "இன்னைக்கு நல்ல நாளு, முதல்ல நான் ஒரு சுத்து சுத்திட்டு வாரேன், பெறகு தாரேன்" என்று என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஏறி, சீட்டைத் தன் வழக்கப்படி தள்ளி, பெல்ட்டையும் மாட்டி உட்கார்ந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"இருங்க. உங்களையும் அளந்துருவோம்" என்றேன்.

"என்னை எதுக்குட்டி அளக்கணும்? நான் என்ன குள்ளமா?"

"சுதா உயரத்தை மட்டுமா எழுதினா? உக்காருத இடத்தையும்தான எழுதினா. கையை எடுங்க."

டேப்பைப் பிடித்தால் டேப் உள்ளே போகவில்லை, சுதா. உன் அண்ணன் உடம்பு உனக்குத் தெரியும். வயிறு ஸ்டியரிங்கில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன், கையும் போகவில்லை. பெல்ட் வயிற்றின் நட்டநடுவில் ஏறிக் கிடக்கிறது. நீ எழுதியபடி இடுப்பு எலும்பில் இருக்க வேண்டிய பெல்ட்.

"இவிய அளவு என்னம்மா?" என்று சண்முகராஜ் அண்ணாச்சி கேட்டார்.

"அளக்கவே இடமில்லை அண்ணாச்சி" என்றேன். "நீட்டக் காலை வச்சுக்கிட்டு, பின்னால தள்ளி உக்காரலாம்ல? மாட்டாக. எனக்கு ரெண்டு விரலு குறையுதுன்னு ஒரு மாசம் சாவியைப் பையில போட்டுக்கிட்டு அலைஞ்ச மனுசன் இவியதான். இப்ப இவிய சாவியை நான் எத்தனை மாசம் வச்சுக்கிடணும்? நீங்களே சொல்லுங்க."

தெருவே சிரித்தது. உன் அண்ணனும் சிரித்தார். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் சிரித்தார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்க ஹாரன் தானாக அடித்தது, அப்போதுதான் அவருக்கே அடக்க முடியாமல் போயிற்று. இறங்கி வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "சரிட்டி. எடுத்துட்டுப் போ" என்றார்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு பைபாஸில் ஒரு சுற்று போனேன். அன்றைக்குப் போகவிருந்து நீ கெடுத்த அந்தச் சுற்றுதான். சண்முகராஜ் அண்ணாச்சி மறுநாளே ஆள் அனுப்பினார், கடைத் தெருவே பேசுகிற அந்த ஐந்தாவது தையல் போட்ட உறைதான் வேண்டுமாம்.

உன் மதினி


ஒரகடம்
24 நவம்பர் 2024

அன்புள்ள மதினி,

சோதனை முடிந்தது.

சின்னப் பெண் பொம்மையைச் சீட்டில் கடைசிவரை முன்னால் தள்ளி உட்கார வைத்தோம். அமுதவள்ளி டீச்சர் எப்படி உட்காருகிறாரோ அப்படி. முதலில் பழைய பெல்ட், ஏர்பேக் அமைப்பிலேயே மோத விட்டோம். பொம்மையின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் வந்த அளவு எல்லையைத் தாண்டிவிட்டது. நந்தகோபால் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு புது அமைப்பு. சீட்டு இவ்வளவு முன்னால் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர் சின்ன உடம்பு என்று வண்டி தானே தெரிந்துகொள்ள வேண்டும். ஏர்பேக் முரட்டுத்தனமாக இல்லாமல் மெதுவாக விரிய வேண்டும். பெல்ட் இறுக்கிப் பிடித்துவிட்டு, பிறகு நெஞ்சு தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். வண்டி போய்ச் சுவரில் இடித்தது. எனக்குக் கண்ணைத் திறக்கவே தைரியமில்லை. யாரோ என் முதுகில் தட்டினார்கள். எல்லா அளவும் எல்லைக்குள், நன்றாக உள்ளே.

"இனிமே ஒவ்வொரு மாடலுக்கும் இந்த இடத்துல வச்சும் சோதிப்போம்" என்றார் சார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். விடாமல் கேட்பது உங்களிடம் கற்றுக்கொண்டது.

இங்கே ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. முன்சீட்டுச் சின்னப் பொம்மைக்கு என்ன பெயர் என்று கேட்டபோது நான் சொல்லிவிட்டேன். இப்போது லேபில் எல்லாரும், "மதினியை ஏத்தியாச்சா? மதினிக்கு பெல்ட் போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். வடநாட்டுப் பையன்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதையும் உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

சுதா


கோவில்பட்டி
8 டிசம்பர் 2024

என் சுதாவுக்கு,

பொம்மைக்கு என் பெயரை வைத்துச் சுவரில் கொண்டு மோதுகிறாய். நாத்தனார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். உன் கடிதத்தை வனிதாவிடம் கொடுத்துக் கொட்டகையில் எல்லாரும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னேன். மிஷினையெல்லாம் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நீ கண்ணை மூடிக்கொண்ட இடத்தில் நானும் மூடிக்கொண்டேன்.

நேற்றுத் திருநெல்வேலிக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் உறை கேட்டிருந்தார்கள். நான் ஓட்டினேன். உன் அண்ணன் பக்கத்துச் சீட்டில், பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு, சமர்த்தாக வந்தார். கயத்தாற்றில் டீ குடிக்க நிறுத்தினேன். லாரிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருத்தன் என் வண்டி உள்ளே திரும்புவதைப் பார்த்துவிட்டு, "ஏலே, இங்கன பாருங்கலே, டிரைவர் இல்லாமலே கார் வருது" என்றான். கொல்லென்று சிரிப்பு.

எனக்குச் சுருக்கென்றது. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்போம் என்று பெல்ட்டைக் கழற்றுவதற்குள் உன் அண்ணன் இறங்கிவிட்டார். நேரே அவனிடம் போனார். அடிதடி ஆகிவிடுமோ என்று பயந்தே போனேன்.

"தம்பி, ஓட்டிட்டு வாரது என் வீட்டுக்காரி" என்றார். "அவ குள்ளம்னு சிரிக்குதியோ? அவ ஒண்ணும் குள்ளம் இல்ல. வண்டி செஞ்சவன் நெட்டையன் ஒருத்தனை மட்டும் மனசுல வச்சு செஞ்சிருக்கான். அவ்வளவுதான் விசயம். அதை எல்லாரு அளவுக்கும் கொண்டாரதுக்கு மெட்ராஸ்ல ஒருத்தி ராப்பகலா வேலை பாக்குதா. அவ என் தங்கச்சி. கேட்டுக்கோங்க."

அந்தப் பையன் பாவம், "தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றான். கடைக்காரர் ஜன்னல் வழியாக நீட்டிய டீ என் கையிலேயே ஆறிப்போயிற்று. நான் குடிக்கவில்லை. அவர் வந்து பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை.

வண்டியை எடுத்தேன். கயத்தாறு பஜாரைத் தாண்டுகிறவரை மெதுவாகத்தான் ஓட்டினேன், சுதா. அவசரமே படவில்லை. நாலு பேர் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

உன் மதினி,
முத்துமாரியம்மாள்